தலைமைக் கதிரையிலிருந்து எழும்பிய பிற்பகல்

என்னைப் பற்றி இரண்டு பொய்க் கதைகள் உலவுகின்றன. ஒன்று கோபன்ஹேகனில், நான் வேலை செய்த அமைச்சில். ஒரு கூட்டத்தின் நடுவே நான் தலைமைக் கதிரையை விட்டுவிட்டு அழுதபடி வெளியே ஓடினேனாம். மற்றது நான் குடியிருக்கிற ஹோர்சன்ஸில், எங்கள் தமிழ் ஆட்களுக்குள். இராசேஸ்வரி அக்கா, அதாவது நான், ஒரு காலம் ஐரோப்பா முழுவதற்கும் தலைவியாக இருந்தவராம். போன வருடம் ஒரு கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு எனக்கு எழும்பி இடம் தந்தார். கால் வலித்தபடியால் மறுக்காமல் இருந்துகொண்டேன்.

ஐரோப்பிய ஒன்றியக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்க டென்மார்க்கின் முறை மறுபடி வந்தபோது அமைச்சிலிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் ஒரு செயற்குழுவுக்குத் தலைமை தாங்கப் போகிறாளாம். அரைமணி நேரம் நடைமுறைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி, "அன்றைக்கு நீ அழுதாயாமே, உண்மையா?" என்றாள். நான் அழவில்லை. என்ன நடந்ததென்று அவளுக்கு டேனிஷில் சொன்னேன். எங்கள் ஆட்களுக்குத் தமிழில் எழுதி வைப்போம் என்று அன்று பிற்பகலே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இந்தத் "தலைவர்" விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரே ஒரு தலைவர் என்று யாரும் இல்லை. நாடுகளின் அரச தலைவர்களும் பிரதமர்களும் கூடும் பேரவைக்கு ஒரு தலைவர் இருக்கிறார். சட்டங்களை முன்மொழிகிற ஆணைக்குழுவுக்கு ஒருவர், பாராளுமன்றத்துக்கு ஒருவர். தொலைக்காட்சியில் கைகுலுக்கிக்கொண்டு நிற்பவர்கள் இவர்கள்தான். அமைச்சர்களின் அவை ஒன்று உண்டு, அதற்குத் தலைமை தாங்குவது ஒரு நாடு. ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று முறை வைத்து மாறும். முறை வருகிற நாட்டின் அமைச்சர்கள் பெரிய கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவார்கள். அந்தக் கூட்டங்களுக்கு முன்னால் சட்ட வரைவுகளை வரிவரியாகப் பிடித்து மல்லுக்கட்டுகிற செயற்குழுக்களுக்கு எங்களைப் போன்ற அதிகாரிகள் தலைமை தாங்குவோம். அப்படிப்பட்ட ஒரு சின்னக் குழுவின் கதிரையில், ஒரு வரைவுக்காகச் சில மாதங்கள் இருந்தவள் நான். பெரிய தலைவர்களில் ஒருவரை ஒரேயொரு முறை கோபன்ஹேகனில் கண்டேன். நனைந்த மேலங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே கொழுவுவது என்று தேடிக்கொண்டிருந்தார். கொழுவுகிற இடத்தைக் காட்டினேன், நன்றி சொன்னார், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்தவள், இருபத்தெட்டு வயதில் அகதியாக இங்கே வந்தேன். மொழிப் பாடசாலை, விடுதியில் கட்டில் விரிக்கிற வேலை, கொம்யூன் என்கிற நகரசபையில் எழுதுவினைஞர் பயிற்சி, மாலைப் படிப்பு, பிறகு அமைச்சில் அதிகாரி என்று பதினைந்து வருடத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். முடித்துவிடுகிறேன். அந்தக் கஷ்டங்களை எங்கள் சனம் ஒவ்வொருவரும் பட்டிருக்கிறார்கள், வாசிக்கிறவர்களுக்கு அலுத்துப்போன கதை.

அமைச்சில் என் மேலதிகாரி பிர்கிட். உயரமான, ஒடிசலான பெண். குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்தவும் மாட்டார். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் அவருடைய வாயிலிருந்து ஒரே சுருதியில்தான் வரும். மத்தியானம் ரொட்டியை நின்றபடியே தின்பார். இந்த நாட்டில் மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எல்லோருக்கும் "நீ"தான். எனக்கு அது தொண்டையில் சிக்கும். முதல் இரண்டு வருடம், கூப்பிடவே தேவைப்படாதபடி வசனங்களை அமைத்துப் பேசி ஒப்பேற்றினேன். ஒரு நாள் அவர் நடைபாதையின் மறுமுனையில் போய்க்கொண்டிருந்தார், அவசரமாகக் கூப்பிட வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் "பிர்கிட்!" என்று கத்தினேன். திரும்பி வந்து, "உனக்கு என் பெயர் தெரியாதென்று நினைத்தேன்" என்றார், அதே சுருதியில்.

முந்தைய தடவை டென்மார்க்கின் முறை வந்தபோது, வேலையிடப் பாதுகாப்பு பற்றிய ஒரு வரைவு எங்கள் குழுவுக்கு விழுந்தது. அதன் தலைமையை பிர்கிட் என்னிடம் தந்தார். தந்துவிட்டு, பழக்குவதற்காக ஒத்திகைகள் வைத்தார். அமைச்சின் ஆட்களே ஆளுக்கொரு நாடாக மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பேச விரும்புகிறவர் தன் நாட்டின் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். நிமிர்த்திய வரிசையில் நான் பேசக் கூப்பிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்றி சொல்ல வேண்டும், ஒருவருக்கு அரைச் சிரிப்பு, மற்றவருக்கு முழுச் சிரிப்பு என்று இருக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு இலகுவாக வந்தது. என்னைக் கவிழ்த்தது என் தலை.

நாங்கள் ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது தலையை இரு பக்கமும் மெதுவாக ஆட்டுவோம். "ம், கேட்கிறேன், சொல்லு" என்பதுதான் அதன் கருத்து. முதல் ஒத்திகையில், ஸ்பெயினாக நடித்த பையன் பேசிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டான். தலைவி வேண்டாமென்று தலையசைக்கிறாளே, இனி ஏன் பேசுவான் என்று நினைத்தானாம். பக்கத்தில் போலந்தாக இருந்தவளோ, நான் ஆமோதிக்கிறேன் என்று எழுதி வைத்திருந்தாள். பிர்கிட் ஒத்திகையை நிறுத்தினார்.

"மேசையைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் உன் முகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள். நீ எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், பிறகு யாரும் உன்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தலையை நிறுத்து."

ஐம்பது வயதுக்கு மேல் தலையை நிறுத்துவது என்றால் லேசான காரியமா? வீட்டில் செய்தி பார்க்கும்போது பழகினேன். என் கணவர் சிவநேசன் சோபாவில் இருந்து பார்த்துச் சிரிப்பார்.

"என்னப்பா, கழுத்து பிடிச்சுக்கொண்டுதோ?"

"இல்லை, பழகிறன்."

"நல்லாப் பழகும். இனி நான் என்ன சொன்னாலும் தலையாட்ட மாட்டீர். முந்தியும் ஆட்டினது குறைவுதான்."

இன்னொன்றும் பிர்கிட் கண்டிப்பாகச் சொல்லித்தந்தார். தலைமை தாங்கும் நாட்டுக்கு அந்த மேசையில் இரண்டு இடம் உண்டு. ஒன்று தலைமைக் கதிரை. மற்றது, மற்ற நாடுகளைப் போலவே டென்மார்க் என்று பெயர்ப்பலகை வைத்த சாதாரணக் கதிரை. டென்மார்க்கின் விருப்பு வெறுப்பை அந்தச் சாதாரணக் கதிரைதான் பேச வேண்டும். தலைமைக் கதிரைக்குச் சொந்த நாடும் கிடையாது, சொந்தக் கருத்தும் கிடையாது. சாதாரணக் கதிரையில் இருந்தவன் என் சக ஊழியன் யென்ஸ். மற்ற நாட்களில் ஒரே ரயிலில் கோப்பி குடித்துக்கொண்டு கோபன்ஹேகனுக்கு வருவோம். கூட்ட நாட்களில் நானும் அவனும் ஒன்றாகச் சாப்பிடவே கூடாது என்பது பிர்கிட்டின் உத்தரவு. இருவரும் குசுகுசுத்தால், டென்மார்க் தனக்குத் தானே தீர்ப்பு எழுதுகிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அதனால் கூட்ட நாளில் யென்ஸ் ஜன்னலோரம் சாப்பிடுவான், நான் கதவோரம்.

வரைவில் எல்லோரும் அடிபட்டது ஒரு வாசகத்துக்காக. நாள் முழுவதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற தொழிலாளியைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதே அது. பாதி நாடுகள் ஆதரவு, மற்றப் பாதி எதிர்ப்பு. டென்மார்க் எதிர்ப்பு. இங்கே இப்படியான விஷயங்களைத் தொழிற்சங்கமும் முதலாளிமாரும் தங்களுக்குள் பேசித் தீர்ப்பார்கள், ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசெல்ஸ் தலையிட வேண்டாம் என்பது நாட்டின் பழைய நிலைப்பாடு. யென்ஸ் அதை ஒழுங்காகச் சொல்லி வந்தான்.

அந்த வாசகம் வேண்டும் என்று டென்மார்க்கிலேயே மற்றெவரையும்விட அதிகமாக விரும்பிய நான் தலைமைக் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

என் கணவருக்கு ஹோர்சன்ஸ் பக்கத்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் தோள்பட்டை வெட்டுகிற மேசையில் வேலை. வந்த காலத்திலிருந்து அதே மேசை, அதே இடம், அதே கத்திப் பிடி. கெட்டிக்காரன் என்று பெயர். அந்த இடத்தை வேறொருவருக்கு விடுவது மானக்கேடு மாதிரி அவருக்கு. ஆனால் காலையில் விரல்கள் மடங்காது. தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார். சோற்றைக் குழைத்துப் பிடிக்க முடியாமல் கரண்டியால் சாப்பிடத் தொடங்கிப் பல வருடமாகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆள், மீன் குழம்புச் சோற்றைக் கரண்டியால் தின்கிறார்! வீட்டுக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "நான் இப்ப டேனிஷ்காரன்" என்பார். மருத்துவரிடம் வர மாட்டார். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குத் தடை. மகளுக்குக்கூடத் தெரியாது. அந்தக் கரண்டிச் சத்தம் கேட்டால் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன்.

முறைப்படியான கூட்டங்கள் பிரசெல்ஸில்தான் நடக்கும். ஆனால் தலைமை தாங்கும் நாடு ஒன்றிரண்டு கூட்டங்களைத் தன் மண்ணில் நடத்தி, வந்தவர்களுக்கு ஏதாவது ஒரு வேலையிடத்தையும் காட்டுவது வழக்கம். எங்கள் கூட்டம் ஹோர்சன்ஸில் என்று முடிவானது. அங்கே எடுக்கிறது இறுதி முடிவு அல்ல, ஆனால் வாசகம் வேண்டாமென்ற பக்கம் கூடினால் பிரசெல்ஸுக்குப் போகும் வரைவில் அது இருக்காது. காட்டப்போகிற இடமாக என் கணவரின் தொழிற்சாலையை யாரோ தெரிவு செய்திருந்தார்கள். தெரிந்த அன்றே பிர்கிட்டிடம் போனேன்.

"என் கணவர் அங்கேதான் வேலை செய்கிறார்."

பிர்கிட் யோசித்தார். "அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள். தலைமைக்கு அது பிரச்சினையில்லை. ஆனால் நீ அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் போகாதே. மண்டபத்தில் இருந்து வேலையைப் பார்."

அப்படியே செய்தேன். கூட்டத்தன்று காலை விருந்தினர்கள் வெள்ளை அங்கியும் தலையுறையும் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார்கள். நான் மண்டபத்தில் பெயர்ப்பலகைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்து, நன்றாகச் சாப்பிட்டு, இரண்டாவது கோப்பியோடு மேசைக்கு வந்தார்கள். எனக்கு வலப்பக்கம் யென்ஸ், நேரெதிரே ஆணைக்குழுவின் ஆள், இடப்பக்கம் சற்றுப் பின்னே துணைத் தலைவியாக பிர்கிட். அந்த வாசகத்தை விவாதத்துக்கு எடுத்தேன். பலகைகள் நிமிர்ந்தன.

நான்காவதாகப் பேசியவர் ஒரு நாட்டின் மூத்த பிரதிநிதி. எந்த நாடென்று சொல்ல மாட்டேன், அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. கெட்ட மனிதரும் அல்ல. நகைச்சுவையாகப் பேசுவார், பேச்சைக் கேட்க ஆசையாக இருக்கும்.

"இன்று காலை நான் ஒருவரோடு கதைத்தேன்," என்று தொடங்கினார். "தோள்பட்டை வெட்டும் மேசை. நரைத்த மீசை. இலங்கையிலிருந்து வந்தவராம். எத்தனை வருடம் இதே இடத்தில் என்று கேட்டேன். வந்த நாளிலிருந்து என்றார். கை நோகவில்லையா என்றேன். சிரித்தார். 'இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை, நல்ல வேலை' என்றார். கையைக் குலுக்கினேன், இரும்புப் பிடி! நண்பர்களே, அந்த மனிதருக்கே நோகவில்லையென்றால் நாங்கள் யாருக்காக இதை எழுதிக்கொண்டிருக்கிறோம்?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஆதரித்துப் பேசுவதற்காக நிமிர்ந்திருந்த பலகைகளில் மூன்று அந்தச் சிரிப்போடு படுத்தன.

அந்தத் தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் தோள்பட்டை மேசையில் நரைத்த மீசையோடு நின்றவர் ஒருவர்தான். எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அந்தப் பிரதிநிதி மேல் இல்லை. கையை நீட்டி இரும்புப் பிடி பிடித்துக் காட்டினாரே, அந்த வலியோடு, அந்த மனிதர் மேல். அன்றிரவு அந்தக் கை என்ன பாடு படும் என்று எனக்கல்லவா தெரியும்.

என் தலை அசையவில்லை. அதை நான் பெருமையாகவே சொல்வேன். "நன்றி," என்றேன், எல்லோருக்கும் சொல்கிற மாதிரி. பிறகு பத்து நிமிட இடைவேளை அறிவித்தேன். கோப்பிக் கோப்பை இன்னும் நிறைந்திருந்த சிலர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

நடைபாதையின் முனையில், மேலங்கிகள் தொங்கிய இடத்தில் பிர்கிட்டை நிறுத்தினேன்.

"அவர் சொன்ன மனிதர் என் கணவர்."

பிர்கிட் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "நிச்சயமாகவா?"

"நிச்சயம்."

"அவருக்குக் கை நோகுமா?"

இவ்வளவு வருடமும் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "நோகும். நிறைய."

மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீ அங்கேயே இருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது," என்றார்.

"எனக்குத் தெரியும். என் கணவர் சொன்ன பொய்யை மேசையில் வைத்துக்கொண்டு, அது பொய்யென்று தெரிந்த நான் நடுவராக இருந்து அந்த விவாதத்தை நடத்த முடியாது. அது பொய்யென்று அந்தக் கதிரையில் இருந்து சொல்லவும் முடியாது. சொன்னால் நான் தலைவி இல்லை, ஒருவருடைய மனைவி. அதனால் கதிரையை உன்னிடம் தருகிறேன்."

"ராயெஸ்வாரி," என்றார், அவர் வாயில் என் பெயர் அப்படித்தான் வரும். "ஒன்றைத் தெரிந்துகொண்டு செய். எழும்பினால் இந்த வரைவுக்கு நீ திரும்பி வர முடியாது. நாளைக்கும் இல்லை, பிரசெல்ஸிலும் இல்லை. மாதக்கணக்கில் நீ கட்டின வேலை. இதைக் கொண்டு முடித்தவள் நான் என்றுதான் எழுதுவார்கள், உன் பெயர் வராது."

"தெரியும்."

"இது ஒரு தந்திரம் என்றும் சிலர் சொல்வார்கள். மனைவி எழும்பினதைப் பார்த்தாலே, ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கிவிடும்."

"சொல்லட்டும். நான் நோகுது என்று சொல்ல மாட்டேன். நோகுது என்றால் அது வாதம். என் கணவர் என்றால் அது காரணம். காரணத்தை மட்டும் சொல்லிவிட்டு எழும்புவேன்."

பிர்கிட் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "ஒரு வசனத்துக்கு மேல் வேண்டாம்," என்றார்.

எனக்கு நான்கு வசனம் தேவைப்பட்டது. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு சொன்னேன்: "அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். சற்று முன் குறிப்பிடப்பட்ட தொழிலாளி என் கணவர். காலையில் நடந்த சந்திப்பில் நான் இருக்கவில்லை. அவருடைய வார்த்தைகள் பயன்படுத்தப்படும் விவாதத்துக்கு நான் தலைமை தாங்குவது முறையல்ல, ஆகவே இந்த நிமிடத்திலிருந்து பிர்கிட் தலைமை தாங்குகிறார்."

எழும்பினேன். மூக்குக் கண்ணாடியையும் தண்ணீர்க் குவளையையும் எடுத்துக்கொண்டேன். மேசையின் நீளம் முழுக்க நடந்து, சுவரோரம் எழுதுவினைஞர்கள் இருக்கும் வரிசையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். ஓடவில்லை, அழவில்லை. குவளையில் தண்ணீர் தளும்பி என் சப்பாத்தில் கொஞ்சம் விழுந்தது, அதைத்தான் பிறகு கண்ணீர் ஆக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. மனம் மட்டும் சொல்ல முடியாத அளவு கனத்தது. அந்தக் கதிரை எனக்குப் பிடித்திருந்தது. கட்டில் விரித்த கையோடு வந்து அங்கே உட்கார்ந்தவள் நான், பிடிக்காமல் என்ன செய்யும்?

பிர்கிட் என் இடத்தில் உட்கார்ந்து, அதே சுருதியில் அடுத்த நாட்டைக் கூப்பிட்டார். அந்த நாடு பேசி முடித்ததும், முதலில் பகிடி சொன்ன மூத்த பிரதிநிதி பலகையை நிமிர்த்தினார். முகம் சிவந்திருந்தது.

"காலையில் நான் கேட்டதை மீளப் பெறுகிறேன்," என்றார். "என் பக்கத்தில் அவருடைய மேற்பார்வையாளர் நின்றார். மேற்பார்வையாளரை வைத்துக்கொண்டு கேட்டது ஒரு கேள்வியே அல்ல. வாசகத்தை நான் இப்போதும் எதிர்க்கிறேன். ஆனால் அந்த மனிதரை வைத்து அல்ல."

படுத்த மூன்று பலகைகளும் ஒவ்வொன்றாக எழும்பின. பிறகு யென்ஸின் முறை. டென்மார்க் எதிர்க்கிறது என்று, வழக்கமாகச் சொல்கிற காரணங்களோடு சொன்னான். என் பக்கம் பார்க்கவில்லை. அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவனுடைய கதிரைக்குரிய வேலையை அவன் செய்தான். அன்று மாலை வாசகம் வரைவில் தங்கியது, சண்டை பிரசெல்ஸுக்கு மாறியது. நான் சொன்ன சொல்லில் நின்றேன், அந்த வரைவை அதற்குப் பிறகு தொடவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவர் கையைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். நடந்ததைச் சொன்னேன். தண்ணீருக்குள்ளேயே கை நின்றது.

"எனக்காக எழும்பினனீரோ?"

"உங்களுக்காக இல்லை. அந்தப் பொய்யோடை அதிலை இருக்க ஏலாது."

"நான் என்ன பொய் சொன்னனான்? வெளிநாட்டிலை இருந்து வந்த ஆக்கள். பக்கத்திலை போர்மன் நிக்கிறான். எங்களுக்குச் சோறு போட்ட இடம். வீட்டுக்கு வந்த ஆளிட்டை வீட்டுக் குறையைச் சொல்லுவினமோ?"

"அது உங்கடை வீடில்லையப்பா. இதுதான் உங்கடை வீடு. இஞ்சை கரண்டியாலை சாப்பிடுறியள்."

அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எழும்பி, ஈரக் கையோடு போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. நானும் சமாதானத்துக்குப் போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தால் அந்தக் கை போய்விடும் என்று எனக்குத் தெரியும். கதிரையை விட்டாயிற்று, இனி இந்த மனிதரை விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். மூன்றாம் நாள் அவராகவே, "தேத்தண்ணி போடவோ?" என்று கேட்டார். போடச் சொன்னேன். கை பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் ரயிலில் யென்ஸ் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். எங்கள் முறை முடிந்து தலைமை வேறு நாட்டுக்குப் போயிருந்தது, ஆகவே இருவரும் தாராளமாகக் கதைக்கலாம். பேரம் முடிந்துவிட்டது என்றான். மாற்றியே ஆக வேண்டும் என்ற வாசகம் போய்விட்டது. தொழிலாளி கேட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும், தகுந்த காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்று வந்திருக்கிறது.

"இவ்வளவும் போராடி, கேட்டால்தானா?" என்றேன்.

"கேட்டால்தான்," என்றான் யென்ஸ். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் டென்மார்க்கும் ஒப்புக்கொண்டது," என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பியை எனக்கு நீட்டினான்.

ஹோர்சன்ஸில் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். சட்டமாக நாட்டுக்குள் வர இன்னும் வருடங்கள் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை.

"கேட்டாத்தானோ?" என்றார். "ஆர் கேப்பினம்?"

"நீங்கள்."

"சட்டம் இன்னும் வரேல்லையெண்டு இப்பத்தானே சொன்னீர்."

"வாயைத் திறக்கிறதுக்குச் சட்டம் வேண்டாம். நான் பேசாமல் இருந்தது, அந்தக் கதிரையிலை இருந்தபடியாலை. நீங்கள் என்ன கதிரையிலை இருக்கிறியள், பேசாமல் இருக்கிறதுக்கு?"

அவர் தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினார். அதற்குச் சம்மதமென்று கருத்தா, இல்லையென்று கருத்தா என்று முப்பது வருடம் கூட வாழ்ந்த எனக்கே விளங்கவில்லை.

அடுத்த கிழமை அமைச்சில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கையை வெட்டிக்கொண்டாரோ என்று பதறியடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் இயந்திரங்களின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. கேட்டிட்டன்."

"போர்மனிட்டையோ?"

"ஓம். காலமை வேலை தொடங்கேக்கை, மேசையிலை எல்லாரும் நிக்கேக்கையே கேட்டன். எனக்குக் கை நோகுது, இடத்தை மாத்தித் தா எண்டு."

"என்ன சொன்னவர்?"

"அவன் என்னத்தைச் சொல்லுறது, அப்பிடியே நிண்டான். பேந்து எனக்குப் பக்கத்திலை நிண்ட போலந்துப் பொடியன் கத்தியைக் கீழை வைச்சிட்டான். அவனுக்கும் நோகுதாம். பேந்து அங்காலை நிண்ட டேனிஷ் கிழவன். அவன் என்னைவிட முந்தி வந்தவன், அவனும் வைச்சிட்டான். எங்கடை திருகோணமலைத் தம்பியும் வைச்சிட்டான்." பிறகு சொன்னார்: "வருசக்கணக்கா தோளோடை தோள் நிண்டனாங்கள் ராசி, ஒருத்தரும் ஒருத்தருக்குச் சொல்லேல்லை. இஞ்சை எல்லாருக்கும் நோகுதாம்."